மூன்று நாள் செதுக்கிய மூக்கு

என் அப்பாவின் மூக்கை நான் மூன்று நாள் செதுக்கினேன். அது அவருடைய மூக்கு என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். ஒரு மரக்கட்டையைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

லண்டனில், கிளார்க்கன்வெல்லில், பெல்ஷம் என்பவருடைய பட்டறையில் எனக்கு வேலை. நாவல்கள் மாதத்துக்கு ஒரு பகுதியாக வெளிவருகின்றன அல்லவா? ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு படம் உண்டு. அந்தப் படங்களை அச்சுக்குச் செதுக்கிக் கொடுக்கிற இடம் எங்களுடையது. வெள்ளை பூசிய கட்டையின் மேல் ஓவியர் பென்சிலாலும் மையாலும் வரைந்து அனுப்புவார். அவர் போட்ட கோடு மட்டும் மேடாக நிற்கும்படி மற்ற இடத்தையெல்லாம் சின்ன உளியால் நான் தோண்டி எடுக்க வேண்டும். நிழல் என்ற பெயரில் நாலு கோட்டைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிட்டு ஓவியர் டீ குடிக்கப் போய்விடுவார். அந்தக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் நூறு குட்டிக் கட்டங்களை நோண்டி எடுப்பதற்குள் எனக்குக் கழுத்து ஒடிந்துவிடும். “கோடு அவங்களோடது, கை மட்டும்தான் உங்களோடது, ஒரு மயிரிழை விலகக் கூடாது” என்று பெல்ஷம் தினமும் ஓதுவார். ஆறு வருடமாக நான் விலகியதில்லை.

அப்படி எனக்குக் கழுத்துவலி கொடுத்த ஓவியர்களில் ஒருவன்தான் லேம்பர்ட் ஃபின்ச். ஒல்லி உடம்பு, மை படிந்த விரல்கள். படம் போடுவதில் கெட்டிக்காரன், மற்ற எல்லாவற்றிலும் அசடு. எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்?

என் அப்பா ஜோசையா ஸ்டப்ளி எங்கள் தெருமுனையில் சீஸ் கடை வைத்திருந்தார். லேம்பர்ட் என்னைப் பெண் கேட்டு வந்த அன்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு புருவம் மேலே ஏறியது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வெட்டிப் பார்த்த சீஸ் உள்ளே கெட்டுப்போயிருந்தால் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

“என்ன வேலை பாக்குறே?”

“படம் போடுறேன், ஐயா.”

“அது சரி. வேலை என்ன பாக்குறேன்னு கேட்டேன்.”

லேம்பர்ட் தொப்பியை மறந்து வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

அப்பாவை மசிய வைத்தது கிராஞ்ச்தான். தியோஃபிலஸ் கிராஞ்ச் என்ற எழுத்தாளர் மேல் அப்பாவுக்கு உயிர். மாதம் பிறந்து அவருடைய நாவலின் பகுதி வந்துவிட்டால் போதும். சாயங்காலம் கடையைச் சாத்தியதும் பாதித் தெரு உள்ளே வந்து பீப்பாய்கள் மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்பா நின்றுகொண்டு, குரலை மாற்றி மாற்றி, கதாநாயகிக்குக்கூடத் தனிக்குரல் வைத்து உரக்கப் படிப்பார். கிராஞ்சின் புது நாவலுக்குப் படம் போட லேம்பர்ட்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் ஆளே மாறிப்போனார்.

“கிராஞ்ச் கதைக்கு நீயா படம் போடுறே? அட, இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? உக்காரு தம்பி. கிறிஸ்துமஸ் முடியட்டும், கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாம்.”

அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம், கிராஞ்ச் ஒரு நாளும் அத்தியாயத்தை முதலில் எழுதுகிற ஆள் இல்லை. கட்டை செதுக்க நாளாகும் என்பதால் படத்துக்கு மட்டும் இரண்டு வரிச் சீட்டு அனுப்புவார். படம் தயாராகி அச்சுக்குப் போகும்போதுதான் அவர் பேனாவையே எடுப்பார். நாலாம் பகுதிக்கு வந்த சீட்டு இது: “வில்லன் வருகிறான். பெயர் கேலப் ஸ்னைட். தன் பொறுப்பில் வளரும் பெண்ணைக் கேட்டு வந்த இளைஞனைப் பார்க்கிறான். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை வேண்டும்.”

லேம்பர்ட்டுக்குத் தெரியாமல் என்ன? அவன் யோசிக்கவே இல்லையாம். பென்சில் தானாகவே போயிற்றாம். இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

கட்டை என்னிடம் வந்தது. மூன்று நாள்தான் கெடு. பூதக்கண்ணாடிக்குக் கீழே முகம் என்று ஒன்று தெரியவே தெரியாது, கோடுதான் தெரியும். ஒரு வளைவு, அதன் கீழே ஏழு கோடு, அப்புறம் ஒரு புள்ளிக் கூட்டம். அது மூக்கா மலையா என்று பார்க்க ஏது நேரம்? செதுக்கினேன், ஊதினேன், கொடுத்தேன். பட்டறைப் பையன் வாங்கிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினான். தாளில் அது எப்படி விழுந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

மாதம் பிறந்தது. கடையில் கூட்டம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்னைட் வருகிற இடத்தை அற்புதமாகப் படித்தார். ஸ்னைட்டுக்கு ஒரு கரகரத்த குரல் கொடுத்தார். கூட்டம் “ச்சீ, பாவி!” என்று சீறியது. பிறகு வழக்கம்போல் படம் கைக்குக் கை போயிற்று.

முதலில் பார்த்தவள் மிசஸ் டாப்பிங், தொப்பிகளுக்குத் துணிப்பூ செய்து தைப்பவள். படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அடுத்து கடிகாரத்துக்குச் சுருள்வில் செய்யும் கிப் அதைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நானும் எழுந்து போனேன். எட்டிப் பார்த்தேன். கேலப் ஸ்னைட் என்ற அயோக்கியனுடைய கழுத்துக்கு மேல் என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

“என்ன எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? குடுங்க இப்படி” என்றார் அப்பா.

“அது ஒண்ணுமில்ல, மிஸ்டர் ஸ்டப்ளி,” என்று கிப் இழுத்தார். “லேசா உங்க சாயல்…”

“சாயலாவது ஒண்ணாவது!” என்று மிசஸ் டாப்பிங் குறுக்கே பாய்ந்தாள். “நல்லா பாருங்க. இவனுக்கு மரு வலது கன்னத்துல. நம்ம ஸ்டப்ளிக்கு இடது கன்னத்துல. இவரு வேற, அவன் வேற.”

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான். கட்டையில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் விழும். அதனால் ஓவியர்கள் எல்லாவற்றையும் மாற்றிப்போட்டுத்தான் வரைய வேண்டும். அவசரத்தில் லேம்பர்ட் அதை மறந்திருக்கிறான். அவன் தப்பே அவனைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்து மனசுக்குள் அவனைக் கொஞ்சினேன்.

அப்பா படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சவரக் கண்ணாடி முன்னால் நின்றார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

“இது நான்தான்.”

“இல்ல ஐயா, மரு…” என்று இழுத்தார் கிப்.

“மரு இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. வகிடும் அதே பக்கம்தான்.”

அவர் தன்னைக் கண்ணாடியில் தவிர வேறெங்கே பார்த்திருக்கிறார்? போட்டோ பிடிக்கிற கடைப் பக்கம் அவர் போனதே இல்லை. தாளில் திரும்பி விழுந்த முகம் ஊருக்கு வேறு ஆளாகத் தெரிந்தது. அவருக்கு மட்டும் தினமும் காலையில் பார்க்கிற அதே முகம், அச்சு அசலாக.

“இருவது வருஷமா பாக்குறோம், உங்க முகம் எங்களுக்குத் தெரியாதா?” என்றார் கிப்.

“நாப்பது வருஷமா செரைக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

தெரு முழுக்க அவர் நல்லவர் என்று வாதாடுகிறது, அவரோ நான்தான் அந்த அயோக்கியன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். சிரித்திருப்பேன், அடுத்த கேள்வி மட்டும் வராமலிருந்தால்.

“தபிதா, இந்தக் கட்டைய செதுக்குனது யாரு?”

“நான்தாம்ப்பா.”

“நீயா? பெத்த அப்பன் மூக்கை மூணு நாள் செதுக்கியிருக்கே, யார் மூக்குன்னு கூடவா தெரியலை?”

“கோடுதாம்ப்பா தெரிஞ்சுது.”

“கோடு! அந்தப் பய இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. கல்யாணமும் கிடையாது, கருமாதியும் கிடையாது.”

போதாக்குறைக்கு ஸ்னைட் ஊரையே பிடித்துக்கொண்டான். கதாநாயகனை யாரும் சீண்டவில்லை. எல்லோருக்கும் ஸ்னைட்தான் வேண்டியிருந்தது. கிராஞ்ச் உற்சாகம் தாங்காமல் லேம்பர்ட்டுக்கு எழுதினார்: “அந்த முகம்! அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்கு வசனம் வருகிறது. மாதத்துக்கு இரண்டு படத்திலும் அவனே இருக்கட்டும்.” ஆக, மாதாமாதம் அப்பா யாரையாவது ஏமாற்றினார், விதவையை வீட்டைவிட்டு விரட்டினார், உயிலைத் திருடினார். எல்லாவற்றையும் செதுக்கியது நான். வேலை அப்படி.

ஒரு நாள் அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, கிராஞ்ச் வீட்டுக்கே போய்விட்டார். கதவைத் திறந்த கிராஞ்ச் இரண்டடி பின்னால் போனார்.

“ஐயோ, ஸ்னைட்!”

“பாத்தியா?” என்று அப்பா என் பக்கம் திரும்பினார். “படைச்சவனே சொல்லிட்டான்.”

உள்ளே உட்கார வைத்தார் கிராஞ்ச். அப்பா ஒரே கோரிக்கை வைத்தார்: முகத்தை மாற்று, இல்லாவிட்டால் குணத்தை மாற்று.

“ரெண்டும் முடியாதே” என்றார் கிராஞ்ச். கண் அப்பாவை விட்டு நகரவில்லை. “ஆமா, உங்க பொண்ணைக் கேட்டு ஒருத்தன் வந்தான்னு வைங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?”

“வந்தானே ஒருத்தன்! என்ன சொன்னேன் தெரியுமா?” என்று அப்பா ஆரம்பித்தார். கோரிக்கை காற்றில் போய்விட்டது. அரை மணி நேரம் லேம்பர்ட்டை ஏசித் தீர்த்தார். கிராஞ்ச் தலையை ஆட்டிக்கொண்டே சட்டைக் கைப்பட்டையில் குறித்துக்கொண்டிருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். யார் கவனித்தார்கள்?

அடுத்த மாதம் கடையில் அப்பா படிக்கிறார்: “‘படம் போடுகிறவனுக்கும் பட்டம் விடுகிறவனுக்கும் என்ன வித்தியாசம்?’ என்றான் ஸ்னைட். ‘இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழுவார்கள். என் வீட்டுப் பெண்ணையும் சேர்த்துத் தள்ளவா?’” கூட்டம் ஊளையிட்டது. மிசஸ் டாப்பிங் ஒரு ரொட்டித் துண்டைத் தூக்கி எறிந்தாள்.

“நிறுத்துங்க!” என்றார் அப்பா. “அவன் கேட்டதுல என்ன தப்பு? பொண்ணைப் பெத்தவனுக்கு பயம் இருக்காதா?”

“பாவி அவன்! உங்களுக்கு ஏன் பொத்துக்கிட்டு வருது?” என்றாள் மிசஸ் டாப்பிங். “பேசாம நீங்க அந்தப் பையனுக்கு தபிதாவைக் குடுத்திடுங்க. இல்லாட்டி நீங்களும் ஸ்னைட்டும் ஒண்ணுதான்.”

அது மகா தப்பான பேச்சு. அப்பாவை யாராவது ஒரு பக்கம் தள்ளினால் அவர் வேண்டுமென்றே மறுபக்கம் போவார்.

“ஒண்ணுதான்! ஊரே அப்படித்தானே சொல்லுது? நல்லா கேட்டுக்கங்க. ஸ்னைட் என்னிக்கு அந்தப் பொண்ணைக் குடுக்குறானோ, அன்னிக்கு நானும் என் பொண்ணைக் குடுக்குறேன். அதுவரைக்கும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது.”

வில்லன் என்றைக்குச் சம்மதித்திருக்கிறான்? அப்பா வாக்கு மாறுகிற ஆளும் இல்லை. அன்று நான் படுக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் அம்மா போன பிறகு அவருக்கு நான் ஒருத்திதான். அவரை அந்த சீஸ்களோடு தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

கடைசிப் பகுதிக்கான கட்டையை லேம்பர்ட் தானே பட்டறைக்குக் கொண்டுவந்தான். கூடவே கிராஞ்சின் சீட்டு. “ஸ்னைட் மரணப்படுக்கையில். இளைஞனும் பெண்ணும் கைகோர்த்து அருகில் நிற்கிறார்கள். கையை உயர்த்தி இருவரையும் விரட்டுகிறான். சம்மதிக்காமலே சாகிறான்.”

“அவ்வளவுதான், தபி” என்றான். “நான் என்ன பண்ணட்டும்? அவரு சொன்னதைத்தானே வரையணும்?”

“நான் மட்டும் என்ன? நீ வரைஞ்சதைத்தானே செதுக்கணும்?”

அவன் போய்விட்டான். நான் உளியை எடுத்தேன். முகத்தை முடித்தேன், போர்வையை முடித்தேன். மிச்சம் இருந்தது அந்த உயர்த்திய கையும், இருவரும் கோத்திருந்த கைகளும்தான். மத்தியானம் பெல்ஷம் சாப்பிடப் போனார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கிராஞ்ச் சொன்னார், லேம்பர்ட் வரைந்தான், அப்பா முடிவு கட்டினார். என் கல்யாணத்தில் என்னை மட்டும்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரலில் எச்சிலைத் தொட்டு அந்தக் கையை அழித்தேன்.

மேலே வெள்ளை பூசி, காய்ந்ததும், கோத்திருந்த இருவர் கைகளின் மேல் ஸ்னைட்டின் கை படிந்திருப்பதாக வரைந்தேன். மாற்றிப்போட்டு வரையவும் மறக்கவில்லை. ஆறு வருடத்தில் நானாக இழுத்த முதல் கோடு. செதுக்கிய முகத்தை இனி ஒன்றும் செய்ய முடியாது. அது கடுகடுவென்று அப்படியே இருந்தது.

கிராஞ்ச் பார்ப்பதற்குள் ஆயிரக்கணக்கில் அச்சாகிவிட்டது. பட்டறைக்கு ஓடி வந்து குதித்தார். “ஓவியர் போட்ட கோட்டை விட்டு விலகுறது எங்க பட்டறையில கிடையவே கிடையாது” என்று பெல்ஷம் பைபிள் மேல் சத்தியம் செய்தார். நான் குனிந்த தலை நிமிரவில்லை. கட்டையை மறுபடி செதுக்க நாள் இல்லை, லேம்பர்ட்டைத் தேடிப் பிடித்துத் திட்டவும் நேரம் இல்லை. படத்துக்கு ஏற்றபடி எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் கிராஞ்ச் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

கடைசிப் பகுதி வந்த அன்று கடையில் நிற்க இடமில்லை. லேம்பர்ட் வாசலுக்கு வெளியே, படியை மிதிக்காமல், மழையில் நின்றிருந்தான். படம் அவன் கண்ணிலும் இன்னும் படவில்லை. அப்பா படித்துக்கொண்டே வந்தார்.

“‘அந்த முகம் கடைசி வரை மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் கை முகத்தின் பேச்சைக் கேட்கவில்லை. அது மெல்ல இறங்கி, கோத்திருந்த இரண்டு கைகளின் மேலும்…’”

நிறுத்தினார். “‘…படிந்தது’” என்றார், குரல் எதையும் மாற்றாமல், தன் சொந்தக் குரலிலேயே. பதினாறு மாதம் ஸ்னைட்டைச் சபித்த மிசஸ் டாப்பிங் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள்.

“மிஸ்டர் ஸ்டப்ளி,” என்று கிப் மெதுவாக ஆரம்பித்தார், “அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை…”

“எனக்கென்ன மறதி வியாதியா? அந்தப் பயலை உள்ள கூப்பிடு.”

நாலு பேர் லேம்பர்ட்டை உள்ளே இழுத்து வந்தார்கள். யாரோ அவன் கையில் படத்தைத் திணித்தார்கள். அவன் பார்த்தான். கல்யாணம் கூடி வந்த மாப்பிள்ளை முகம் அப்படியா கோணும்?

“இது நான் போட்ட கை இல்ல! எவனோ ஒரு மடையன் மாத்தியிருக்கான். கட்டைவிரலைப் பாருங்க! மனுஷனுக்கு இப்படி வெளிப்பக்கமா வளையுமா?”

“வாய மூடு லேம்பர்ட்” என்று பல்லைக் கடித்தேன்.

“ஏன் மூடணும்? என் பேருல வருது! கையே வரையத் தெரியாத ஒரு மடையன்…”

“அந்த மடையன் நான்தான்!”

என் வாய்தான் எனக்கு எமன். அப்பா என்னை நேராகப் பார்த்தார்.

“அப்ப, கிராஞ்ச் சொன்னது வேறயா?”

“ஆமாப்பா.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “விரட்டச் சொல்லியிருந்தாரு. நான்தான் அழிச்சிட்டு வேற வரைஞ்சேன். அந்த விரல் ஏன் அப்படி வந்துதுன்னு எனக்கே தெரியாது. எனக்கு வரையத் தெரியாதுப்பா. கைன்னு நெனச்சேன், அப்படித்தான் வந்துது.”

அப்பா படத்தை லேம்பர்ட்டிடமிருந்து வாங்கினார். விளக்கடியில் கொண்டுபோய் வைத்தார். அதன் பக்கத்தில் தன் வலது கையை விரித்து வைத்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சீஸ் வெட்டும் கம்பியில் மாட்டி, எலும்பு சரியாகக் கூடாமல், வெளிப்பக்கமாகக் கோணிப்போன கட்டைவிரல் அது. அந்தக் கை பிடித்துத்தான் நான் தெருவைக் கடக்கப் பழகினேன்.

படத்து விரலையும் தன் விரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புருவம் இறங்கவில்லை, உதடும் இழுத்தது இழுத்தபடிதான். ஆனால் கண் நிறைந்துவிட்டது.

“மனுஷனுக்கு இப்படி வளையுமான்னுதானே கேட்டே?” என்று அந்தக் கையை லேம்பர்ட் மூக்குக்கு நேரே நீட்டினார். “வர்ற ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கச் சொல்லியிருக்கேன்னு பாதிரியார்கிட்ட போய்ச் சொல்லு. அதுக்குள்ள இவகிட்ட உக்காந்து கை வரையக் கத்துக்கோ.”